காப்புக் காடுகளும் மக்கள் கண்காணிப்பும்

நிழல் செறிந்த காட்டை நாட்டின் அரண்களுள் ஒன்றாக வைத்து எண்ணினார் வள்ளுவர். அவ்வரணைக் காக்கும் கடமை அரசுக்கு உரியது. ஆயின், காக்கும் அரசே காட்டின் உடைமையாளராகவும், மரம் வெட்ட உரிமம் வழங்குபவராகவும், அதனால் வரும் வருவாயைப் பெறுபவராகவும் இருப்பின், அக்காவலைக் கண்காணிப்பவர் யார்? தீபகற்ப மலேசியாவின் வன வரலாற்றில் அரை நூற்றாண்டாகத் தொடரும் கேள்வி இது.

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. 1977ஆம் ஆண்டில், தேசியப் பூங்காவாக்கக் கருதப்பட்டிருந்த எண்டாவ்-ரொம்பின் வனத்தின் ஒரு பகுதியில் மரம் வெட்டப் பகாங் மாநில அரசு இசைவளித்தது. மலாயா இயற்கைக் கழகமும் செய்தியேடுகளும் பொதுமக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். மறு ஆண்டில் மரம் வெட்டுதல் நின்றது. அன்று அவ்வனத்தைக் காத்தது மக்களின் குரலே. எனினும் அக்குரலுக்குச் சட்டத்தில் இடம் ஏதும் இருக்கவில்லை.

1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டமும் அவ்விடத்தை அளிக்கவில்லை. காப்புக் காடு ஒன்று அதன் நோக்கத்திற்கு இனித் தேவையில்லை என்றும், அதனினும் உயர்ந்த பொருளாதாரப் பயனுக்கு அந்நிலம் வேண்டும் என்றும் மாநில அரசு கருதினால், அதனை விடுவிக்கலாம் என்றது அச்சட்டம். கருதுவதும் முடிவு செய்வதும் ஒருவரே ஆயினர்.

சிலாங்கூர் மாநிலம் 2011இல் இந்நிலையை மாற்றியது. காப்புக் காட்டை விடுவிக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என விதித்தது. அவ்விதிக்குப் பெருஞ்சோதனை 2020இல் வந்தது. கோல லங்காட் வடக்குக் காப்புக் காட்டில் ஏறத்தாழ 930 எக்டேரை விடுவிக்கும் முன்மொழிவு அறிவிக்கப்பட்டது. அச்சதுப்பு நிலக் காட்டைச் சார்ந்து வாழும் தெமுவான் பூர்வகுடியினர் உட்படப் பல்லாயிரவர் மறுப்புத் தெரிவித்தனர். மாநிலச் சட்டமன்றமும் அவ்வாண்டு நவம்பரில் காட்டைக் காக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின்னரும் 2021 மே மாதத்தில் அக்காட்டின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி விடுவிக்கப்பட்டது. மக்கள் அதனை அறிந்ததோ ஆகஸ்டு இறுதியில்! கண்டனம் வலுக்கவே, செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது.

கருத்துக் கேட்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. முடிவையும் அதற்குரிய காரணத்தையும் உடனே வெளியிடும் கட்டாயம் இல்லாவிடில், விசாரணை வெறும் சடங்காகிவிடும்.

2022இல் நாடாளுமன்றம் வனச் சட்டத்தைத் திருத்திப் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியது; விடுவிக்கும் நிலத்திற்கு மாற்று நிலம் ஒதுக்கவும் வகை செய்தது. எனினும் மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டாலன்றி அத்திருத்தம் அம்மாநிலத்தில் செல்லாது. ஆகவே காவலின் திறவுகோல் மீண்டும் மாநிலங்களின் கையிலேயே உள்ளது. வேலியே பயிரை மேயாதிருக்க வேண்டுமாயின், விளைச்சலில் பங்கு பெறாத கண்ணொன்று வேலியின்மீது எந்நாளும் இருத்தல் வேண்டும்.