வெடியுப்பு

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே பாத்தியில் வாருவது கறியுப்பு. அதை வெடிமருந்தில் கலந்தால் ஈரம் இழுத்துப் பட்டாசு நமுத்துப்போகும். வெடியுப்பு வேறு. பொட்டாசியம் நைட்ரேட் அது; பொட்டிலுப்பு என்றும் பெயர்.

தமிழில் உப்பு என்பது சமையலறையோடு நிற்பதில்லை. நீரில் கரைந்து, காய்ச்சினால் படிகமாகும் பலவும் உப்புதான். மாட்டுத்தொழுவ மண்ணையும் பழஞ்சுவர் மண்ணையும் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்ததால் இதுவும் அந்த வரிசையில் சேர்ந்தது. பீகாரில் இப்படி எடுத்ததைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றியது.

பெயரில் கொஞ்சம் அநியாயம் உண்டு. வெடியுப்பு தானாக வெடிக்காது, எரியவும் எரியாது. சூடேறினால் ஆக்சிஜனை விடும். எரிவது அதோடு சேரும் கரியும் கந்தகமும். கருமருந்தில் வழக்கமான அளவு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. முக்கால் பங்கு இருப்பதால் பெயரையும் அதுவே தட்டிக்கொண்டது போலும்.

பட்டாசுக்கு இன்னோர் உப்பும் உண்டு: சிவகாசியில் பேரியம் நைட்ரேட்டுக்குப் பச்சை உப்பு என்று பெயர். பார்வைக்கு வெள்ளைதான்; பச்சை அதன் சுடரில். வெடியுப்புக்கோ பட்டாசு மட்டும் வேலையல்ல; சித்த மருத்துவத்தில் வெடியுப்புச் சுண்ணம் நீர்க்கடுப்புக்கு மருந்து.