உறைகளின் பின்பக்கம்

1947 ஜூன் 2, திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தைக் காங்கிரஸ், முஸ்லிம் லீக், சீக்கியத் தலைவர்களிடம் காலையில் கொடுத்துவிட்டு, நண்பகலுக்குப் பின் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் காந்தியைச் சந்தித்தார். திங்கள்தோறும் காந்திக்கு மௌன நாள், பேச வழியில்லை, வைஸ்ராய் பிழைத்தார் என்று பல நூல்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்துவிடும். எனக்கு அது ஒப்பவில்லை. அவ்வளவு பெரிய நாளில் அவர் வாயைக் கட்டிப்போட்டது வெறும் கிழமைதானா?

அடிக்குறிப்புகள் எல்லாம் காந்தியின் எழுத்துத் தொகுப்பில் 88ஆம் தொகுதியைக் காட்டின. கையிலிருந்த மின்பதிப்பில் 88ஐத் திறந்தால் 1947 ஜூனே இல்லை! இந்த வழியில் போனவர்கள் பலரும் இங்கே முட்டிக்கொண்டிருப்பார்கள். மூலப் பதிப்பு 100 தொகுதிகள். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கா. சுவாமிநாதன் 1960 முதல் தலைமை ஏற்று வளர்த்தது. பிற்பாடு வந்த ‘திருத்திய’ பதிப்பில் எண்கள் இடம் மாறின, சில பதிவுகள் விடுபட்டன. ஆய்வாளர்கள் விடாமல் சண்டை போட்டு, அரசு 2005இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் அதன் எண்கள் மின்பதிப்புகளில் இன்னும் உலவுகின்றன. பழைய அச்சுப் பிரதியைத் தேடிப் பிடித்த பிறகே தேதி சரியாக வந்தது.

பழைய உறைகளை வீணாக்காமல் அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவது காந்தியின் வழக்கம். அன்றும் அப்படித்தான் எழுதிக் காட்டினார்; மவுண்ட்பேட்டன் அவற்றைப் பத்திரப்படுத்தினார். அதனால்தான் பிரிட்டிஷ் அரசின் ‘அதிகார மாற்றம்’ ஆவண வரிசையின் 11ஆம் தொகுதியிலும் இதே வாசகம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

பேச முடியாததற்கு வருந்துகிறேன் என்று தொடங்குகிறார். அடுத்த வாக்கியத்தில்தான் விஷயம். மௌனத்துக்கு ஆரம்பத்திலேயே இரண்டு விலக்கு வைத்திருக்கிறாராம்: அவசரக் காரியமாக உயர் பதவியினரிடம் பேசலாம், நோயாளியைக் கவனிக்கும்போது பேசலாம். எதிரே உட்கார்ந்திருந்தவரோ வைஸ்ராய். அவரைவிட உயர்ந்த பதவி அன்று இந்தியாவில் ஏது? ஆனால் நான் விரதத்தை முறிப்பதை நீங்கள் விரும்பவில்லை என்று தெரியும் என்று நாசூக்காக ஒரு குத்து. வாசல் திறந்தே இருந்தது, அவர்தான் போகவில்லை. மரியாதை, கசப்பு இரண்டும் அதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. என் பேச்சுகளில் உங்களுக்கு எதிராக ஒரு சொல் சொன்னேனா என்ற கேள்வியும் வருகிறது. பேச வேண்டிய ஓரிரு விஷயங்களை அடுத்த சந்திப்புக்கு ஒத்திவைக்கிறார்.

அதற்காக அன்றைய வேலை நின்றுவிடவில்லை. டெல்லியின் பங்கிக் காலனியில் தம்மோடு தங்கியிருந்த எல்லைப்புறத் தலைவர் பாட்ஷா கானின் கோரிக்கையும் உறையில் ஏறியிருக்கிறது: வடமேற்கு எல்லைப்புற மாகாண ஆளுநரை மாற்ற வேண்டும். பாட்ஷா கான் சொல்வது சரியா தவறா எனக்குத் தெரியாது, ஆனால் அவர் உண்மையானவர். கௌரவமாகச் செய்ய முடிந்தால் செய்யுங்கள் என்று காந்தி சிபாரிசு வைக்கிறார்.

அந்த ஆளுநர் ஓலஃப் கேரோ. ஜூன் முடிவதற்குள் அவர் விடுப்பில் போக, ராப் லாக்ஹார்ட் பொறுப்புக்கு வந்தார்.