டெலிபோட்டோ லென்ஸ் தாங்கிகள்

நெடுந்தூரத்திலுள்ள பட்சிகளையும் மிருகங்களையும் விளையாட்டு வீரர்களையும் படம்பிடிக்க உபயோகமாகும் கனத்த லென்ஸுகளை அசையாது தாங்கும் சாதனங்கள். 600 மில்லிமீட்டர் லென்ஸ் 35 மில்லிமீட்டர் கேமராவில் ஏறக்குறைய 4 டிகிரி கோணத்தையே காண்பதால், கையின் சிறு நடுக்கமும் காற்றின் வேகமும் பன்மடங்காகப் பெருகிப் படத்தின் தெளிவைக் கெடுத்துவிடுகின்றன.

இவ்வகை லென்ஸைப் பூட்டியபின் கேமராவின் அடிப்பாகத்தைத் தாங்கியில் திருகுவது பெரும் பிழை. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தின் பாதத்தையே அதில் பிணைக்க வேண்டும். தாங்கியின் உச்சியில் பொருத்தும் தலைகளுள், எப்பக்கமும் திரும்பும் பந்துத் தலையானது, திருகு தளர்ந்த க்ஷணத்தில் லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்துவிழ இடங்கொடுப்பதாதலின், பறவைகளைப் படமெடுப்போர் பெரும்பாலும் நாடுவது லென்ஸை ஊஞ்சல்போல் தாங்கும் கிம்பல் தலையையே. லென்ஸும் கேமராவும் சேர்ந்த பாரத்தின் மையம் சுழலச்சோடு பொருந்துமாறு, பாதத்தை முன்பின்னாக நகர்த்தியும் தாங்குதட்டை ஏற்றியிறக்கியும் ஒருமுறை சமன்செய்துவிட்டால், பிறகு திருகுகளை முற்றிலும் தளர்த்தினாலும் லென்ஸ் விட்ட நிலையிலேயே நிற்கும். பறக்கும் நாரையை ஒற்றை விரலின் அழுத்தத்தாலேயே பின்தொடரலாம். இத்தனை எளிய தத்துவம் இவ்வளவு பாரத்தை ஆள்வது மெய்யாகவே வியக்கத்தக்கது.

முக்காலித் தாங்கியான ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்துவது ஸ்திரத்தன்மையைக் குறைக்கும். இடநெருக்கடியுள்ள மைதான ஓரங்களுக்கு ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் ஏற்றது. அது பாரத்தைச் சுமந்து மேல்கீழ் அசைவைத் தணிக்குமேயன்றிப் பக்க அசைவைத் தடுக்காது. அசைவு நிவர்த்தி வசதி கொண்ட பழைய லென்ஸுகள் சிலவற்றை ட்ரைபாடில் ஏற்றும்போது, அவ்வசதியை நிறுத்திவைப்பதே உசிதம்.