வாடகைக்கு வந்த சூப்பர் கம்ப்யூட்டர்

2006 ஆகஸ்டில் அமேசான் இசி2 சேவையைத் தொடங்கியதும், மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு எடுப்பது யாருக்கும் கைகூடியது. மறு ஆண்டே நியூயார்க் டைம்ஸ் தன் பழைய கட்டுரைகள் 1.1 கோடியை, சுமார் 100 வாடகைக் கணினிகளைக் கொண்டு ஒரே நாளில் பிடிஎஃப் கோப்புகளாக மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு கட்டுரையும் தனி வேலை என்பதால் அது எளிதில் நடந்தது.

வானிலைக் கணிப்பின் கதை வேறு. அதில் வளிமண்டலம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, செயலிகளுக்குப் பங்கிடப்படுகிறது. பக்கத்துக் கட்டங்களின் காற்றழுத்தமும் வெப்பமும் வந்து சேர்ந்தால்தான் ஒரு செயலி அடுத்த கணக்கைத் தொடங்க முடியும். ஒரு தகவல் தாமதித்தால் ஆயிரம் செயலிகள் சும்மா காத்திருக்கும். இப்படி வாடகைக்குக் கிடைத்த அன்றைய கிளவுடின் பலவீனம், கணினிகளை இணைக்கும் வலையமைப்பில்தான் இருந்தது. ஆய்வாளர்கள் கிளவுடுக்கு மாறத் தயங்கியது முற்றிலும் நியாயம்.

2010 ஜூலையில் 10 கிகாபிட் வலையமைப்புடன் கிளஸ்டர் கணினிகளை அமேசான் வாடகைக்கு விட்டது. அவற்றில் 880 சேர்ந்து, அந்த நவம்பரில் உலகின் வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்களின் டாப்500 பட்டியலில் 231ஆம் இடம் பெற்றன. அடுத்த ஆண்டு அமேசானின் புதிய தொகுதி 42ஆம் இடத்துக்கு ஏறியது. சூப்பர் கம்ப்யூட்டர் கூடங்களில் புழங்கிய இன்ஃபினிபேண்ட் இணைப்பை மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சேவையான அஷூருக்குக் கொண்டுவந்தது. அஷூரின் ஈகிள் கணினி 2023 நவம்பரில் 561 பெட்டாஃப்ளாப்ஸ் வேகத்துடன் அதே பட்டியலில் 3ஆம் இடத்தைப் பிடித்தது.