மதுநாட்ட அறிதல் சாய்வு: அறிவுசார் குறைபாடுடையோரிடம் ஆராய்ச்சி

மதுவோடு நெடுங்காலம் பழகிய ஒருவரது சித்தம், அவர் விரும்பாமலும் அறியாமலுமே, பாட்டிலின் பக்கமும் கடையின் பக்கமும் திரும்பிவிடும் சுபாவத்தை மனோதத்துவ நூலார் அறிதல் சாய்வு என்பர். நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 50 முதல் 85 வரை உள்ளவர்களிடம் இச்சாய்வை முறைப்பட ஆராய்ந்தோருள் நெதர்லாந்தின் நெயோமி வான் டெய்வன்போடெயும் ராபர்ட் டிடனும் முக்கியமானவர்கள். அவர்களது ஆய்வுகள் 2012 முதல் வெளிவந்தன.

எழுத்துப் படிவத்தைப் படித்து, சென்ற மாதக் குடியை நினைவுகூர்ந்து விடையளிப்பது இத்தகையோருக்குப் பெரும்பாரமாதலால், படங்களைக் கொண்டே பரீட்சை நிகழ்கிறது. மதுப்படம் ஒன்றும் வேறு பானத்தின் படம் ஒன்றும் திரையில் அருகருகே கணநேரம் தோன்றி மறைய, அவற்றுள் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி எழும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். மது இருந்த பக்கத்துப் புள்ளிக்குக் கை விரைந்தால், கவனம் முன்பே அங்குச் சென்றிருந்தது என்று கொள்வர். ஆயினும் ஒரே மனிதரின் வேகம் முறைக்கு முறை பெரிதும் மாறுபடுவதால், இம்முறை தனியொருவருக்குத் தீர்ப்புக் கூறத் தகுந்ததன்று. குறைந்த நுண்ணறிவு மட்டுமே சாய்வை மிகுவிக்கும் என்பதற்கும் உறுதியான சான்று கிட்டவில்லை. அறிவு குறைந்தவன் ஆதலால் குடிக்கிறான் என்று எளிதில் பேசும் நம் சமூகம் இதைக் கவனித்தல் நன்று.

வடசென்னையில் இப்பரீட்சையை நடத்த விழைவோர் முதலில் படங்களை மாற்றவேண்டும். ஐரோப்பிய மதுச்சாலையின் நுரை பொங்கும் பீர்க்கோப்பை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஐஸ் பெட்டி சுமக்கும் ஒருவருடைய கண்ணை ஏன் ஈர்க்கவேண்டும்? அவர் அறிந்தது டாஸ்மாக் கடையின் 180 மில்லி குவார்ட்டர், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட். இவற்றுக்கு இணையாக நிறத்திலும் வடிவிலும் ஒத்த பன்னீர் சோடாவும் கோலாவும் வைத்தாலன்றி ஒப்பீடு நேர்மையாகாது. நெதர்லாந்தில் ஜோவன்னகே வான்டர்நாகல் வகுத்த வினாமுறையில், குடிப்பதுண்டா என்று கேட்பதற்கு முன்னரே, படத்தைக் காட்டி அதன் பெயரைக் கேட்பர். அம்முறையைப் பின்பற்றினால், இராயபுரத்தில் 'சரக்கு' என்றோ 'கட்டிங்' என்றோ வரும் விடையையே கேட்பவர் பின்பு தம் சொல்லாகக் கொள்ளலாம்.

அளவைகளுக்கு நம்மிடம் குறைவில்லை: 1934இல் வெளியான பினே–காமத் நுண்ணறிவுத் தேர்வு இந்நாட்டில் நெடுங்காலமாகப் பிரயோகத்தில் இருப்பது. அரிதாவது, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைப்புறங்களில் சான்றிதழின்றி வாழும் லேசான குறைபாடுடையோரை இனங்கண்டு, அவர்களுக்கு விளங்கும் மொழியில் சம்மதம் பெறுவதே. குடியை விட முயல்பவருக்கு மதுப்படம் வேட்கையை எழுப்பக்கூடுமாதலால், பரீட்சை முடிந்தபின் அவரை உடனே தெருவுக்கு அனுப்பலாகாது.

ஜெர்மனியில் 214 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வில், மதுப்படங்களை இயக்குகோலால் அப்பால் தள்ளும் பயிற்சியை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தபோது, ஓராண்டுக்குப்பின் மீண்டும் குடித்தோர் குறைந்தனர். அறிவுசார் குறைபாடுடையோருக்கு அப்பயிற்சி பயன்தருமா என்பது தனியே ஆராயத்தக்கது.