ஏரியும் தோட்டமும் வளர்த்த பெருமக்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919-லும் 921-லும் அவ்வூர்ச் சபையார் கூடி நிறைவேற்றிய தீர்மானங்கள் அவை. தொல்பொருள் இலாகாவின் 1904-05-ஆம் ஆண்டு அறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை விளக்கி எழுதிய காலந்தொட்டு, குடவோலையைப் பிரஸ்தாபிக்காத மேடை அரிதாகிவிட்டது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத பாலனொருவனைக் கொண்டு எடுப்பித்து, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசித்த காட்சி எவர் மனத்தையும் கவரக்கூடியதே. ஆயினும், தலைமை வகிக்கும் திறமையை ஒரு கிராமம் எவ்வாறு பயிற்றி வளர்த்தது என்று அறிய விரும்புகிறவன், குடத்தண்டை நின்றுவிடாமல், அதிலிருந்து வெளிப்பட்ட முப்பது பேரும் அப்பால் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்று பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஊரின் பிரிவுகளாகிய முப்பது குடும்புகளிலிருந்தும் குடும்புக்கு ஒருவராக வந்த அம்முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியமாகிய சம்வத்ஸர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். இவற்றுள் மேலானதாகிய சம்வத்ஸர வாரியத்தில் அமரத்தக்கவர் யார் என்பதற்குச் சாஸனம் கூறும் விடைதான் விசேஷமானது: முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள். வேதமும் பாஷ்யமும் ஓதியவர் நிறைந்த, பிராமணருக்குத் தானமாக விடப்பட்ட பிரம்மதேய ஊரில், சாஸ்திர ஞானத்தோடு ஏரி வேலையின் அனுபவத்தையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியிருக்கிறார்கள். மதகு எப்போது திறக்கவேண்டும், தூர் எவ்வளவு வாரவேண்டும், கடைமடைக்காரன் தண்ணீருக்குக் கூக்குரலிடும்போது தலைமடைக்காரனை எப்படிச் சமாதானப்படுத்தவேண்டும் என்பனவற்றை எந்தச் சுவடியும் முழுவதும் கற்பித்துவிடாது. கரைமேல் நின்று, ஏச்சையும் கேட்டு, தவறான தீர்ப்பின் பலனைக் கதிர் முற்றும் பருவத்தில் கண்ணாற் கண்டுதான் அவற்றை ஒருவன் கற்கவேண்டும். அப்படிக் கற்றவனிடம் ஊர்ப் பொதுக்காரியத்தை ஒப்புவிப்பதில் சபையாருக்கு அச்சம் குறைவாகவே இருந்திருக்கும்.

வாரியப் பதவியின் காலம் 360 நாள். அது முடிந்தபின், மூன்றாண்டு கழியுமுன் வாரியஞ்செய்தவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. ஒருவனே ஊரை ஆளாமல் தடுக்கும் விதியென்று இதனைச் சொல்வது வழக்கம், அது மெய்யே. ஆனால், இவன் வெளியே இருக்கும் அம்மூன்றாண்டிலும் வேறு மூன்று தொகுதியார் அதே வேலையைப் பழகிக்கொள்கிறார்கள் என்பதையும் உடன் நினைக்கவேண்டும். சில பத்தாண்டுகளுக்குள், கரையும் கணக்கும் அறிந்தவர் ஒவ்வொரு குடும்பிலும் பலர் இருக்க ஏதுவாயிற்று. இன்றைய ஸ்தாபனங்கள் பலவற்றில் தலைவர் மறைந்த மறுநாள் காணும் திகைப்பு அங்கே நேர்ந்திருக்க நியாயமில்லை.

கணக்கு விஷயத்தில் அவர்கள் காட்டிய கடுமை, படிக்கிறவனைச் சற்றே நகைக்கவும் வைக்கும். வாரியஞ்செய்து கணக்குக் காட்டாமற் போனவனுக்கு மறுபடி இடமில்லை. அவன் தந்தைக்கும் மகனுக்கும், மாமனுக்கும் மருமகனுக்கும், சிற்றன்னை பேரன்னை மக்களுக்குங்கூட இல்லை. ஒருவன் கணக்கு மறைத்தால் பந்தியிலிருக்கும் பாதிப்பேர் தகுதியிழப்பார்கள் என்னும் நிலையில், அவனைக் கண்டிக்கும் வேலையைச் சபையைவிட உறவினரே ஊக்கத்தோடு செய்திருப்பார்கள்!

இவ்வளவும் புகழ்ந்தபின், இதனைக் குடியரசு என்று கொண்டாடும் உத்ஸாகத்தில் நான் சேர்வதற்கில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், மந்திர பிராமணக் கல்வியும் உள்ள பிராமண ஆடவரின் பெயர்களே குடத்தில் விழுந்தன; நிலம் குறைந்து அரைக்கால் வேலியே உடையவன், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனானால் மட்டும் ஏற்கப்பட்டான். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கு அங்கே ஓலை இல்லை.

அவ்வட்டத்துக்குள்ளே, தங்கள் ஏற்பாட்டைத் தாங்களே சீர்தூக்கிப் பார்த்துத் திருத்தும் மனப்பாங்கு சபையாருக்கு இருந்தது. அரசனின் அதிகாரி உடனிருக்க நிறைவேறிய முதல் தீர்மானத்தில் சுருக்கமாக நின்ற விலக்குகள், மற்றோர் அதிகாரி முன்னிலையில் நிறைவேறிய இரண்டாவதில் நீண்டு விரிகின்றன. வயதும் மாறியது. 919-ல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்ததை 921-ல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று ஆக்கினார்கள். இளைஞர் இன்னும் ஐந்தாண்டு பொறுத்திருக்கட்டும், முதியவரை இன்னும் பத்தாண்டு விடவேண்டாம் என்பதே இரண்டு வருஷத்துக்குள் அவர்கள் கண்ட முடிவு.