டிரங்கு காலும் டிரங்க் போர்ட்டும்

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பேச வேண்டுமானால் ஒரு காலத்தில் டிரங்கு கால் பதிந்துவிட்டுக் காத்திருப்போம். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என மூன்று வகை. கையில் இருக்கும் காசைப் பொறுத்து அவசரம். நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொலைபேசித் துறையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த 'டிரங்கு' மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. அலுவலகக் கணினிகளின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே பல பிரிவுகளின் தகவலையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் வாயிலை டிரங்க் போர்ட் என்கிறார்கள். பெயர் மட்டுமல்ல, பிரச்சினையும் பழையதுதான்: கம்பி ஒன்று, பேசுவோர் பலர், ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழக்கூடாது.

1874-இல் எடிசன் ஒரே தந்திக் கம்பியில் நான்கு செய்திகளை அனுப்பிக் காட்டினார். பிறகு கேரியர் முறை வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தனி அலைவரிசை கொடுத்து, ஒரு ஜோடிச் செம்புக் கம்பியில் 3 பேச்சு, பின்னர் 12 பேச்சு என்று ஏற்றினார்கள். அடுத்து வந்த பி.சி.எம். முறை, குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்கியது. 32 நேரத்துண்டுகளில் 30 பேச்சுகள் போயின. மீதி இரண்டும் ஒழுங்குபடுத்த. இந்த இரண்டு முறைகளிலும், இணைப்புக் கிடைத்தவர் வாய் திறக்காவிட்டாலும் அவர் இடம் அவருக்கே.

கணினிக்கு அது சரிப்படவில்லை. அது திடீரென்று கொட்டும், பிறகு சும்மா இருக்கும். 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி என்ற பொறியாளர் வி-லேன் என்னும் வழியைக் கண்டார். 1998-இல் 802.1க்யூ என்ற பெயரில் அதற்குப் பொதுத் தரம் வந்தது. தகவல் பொட்டலம் ஒவ்வொன்றிலும் 4 பைட் அட்டை ஒன்றைச் செருகுகிறார்கள். அதில் 1 முதல் 4094 வரை ஏதாவது ஓர் எண். நம் மலைக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா மூட்டையும் ஒரே பஸ்ஸில்தான் ஏறும். அட்டையைப் பார்த்து அந்தந்த ஊரில் இறக்குவார்கள். யாருக்கும் இடம் ஒதுக்குவதில்லை. எந்தெந்த அட்டை டிரங்கில் ஏறலாம் என்ற பட்டியலை மட்டும் சுவிட்சுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

அந்தப் பட்டியலில்தான் நான் வழுக்கினேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்குச் சில காலம் கழித்து, கல்வராயன் மலையில் ஓர் அலுவலகத்துக்கு உதவியாக இந்த வேலையைப் பார்த்தேன். 10 அலுவலகக் கணினிகளுக்கு, 20 மக்கள் வந்து மனுக் கொடுக்கும் கவுண்டருக்கு, 30 தொலைபேசிக்கு, 99 நாங்கள் சுவிட்சோடு பேசுவதற்கு. புதிதாக 40-ஐச் சேர்க்க வேண்டும். கீழே உட்கார்ந்தபடியே மலைச் சுவிட்சுக்குக் கட்டளை கொடுத்தேன். 'ஆட்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். "40-ஐயும் சேர்" என்பது "40 மட்டும் போதும்" என்றாகிவிட்டது. சுவிட்ச் சொன்னபடி கேட்டது. 10, 20, 30 எல்லாம் நின்றன. 99-உம் போனதால் தப்பைத் திருத்த வழியும் போனது. அலுவலகத் தொலைபேசியும் அதே கேபிளில். காவலாளியின் செல்லுக்கு சிக்னல் இல்லை.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறிப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. மாற்றத்தை நான் சேமிக்கவில்லை, அது ஒன்றுதான் புண்ணியம். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். சில நிமிடங்களில் பழைய பட்டியல் திரும்பியது.

கவுண்டர் எதிரில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மகளின் சாதிச் சான்றிதழுக்காகக் காலையிலேயே நடந்து வந்தவர். அன்றைய கூலி போச்சு.

"கரண்டு வந்துடுச்சுங்களா ஐயா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சும்மா" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

பலர் பாரத்தை ஒரு கம்பியில் ஏற்றுவதுதான் நூற்றைம்பது வருட முன்னேற்றம். ஏற்ற ஏற்ற, அந்தக் கம்பியைத் தொடும் கைக்குப் பொறுப்பும் ஏறுகிறது. இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இரண்டு சொல்வேன். தொலைவிலுள்ள சுவிட்சைத் தொடுமுன், "பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழு" என்று அதற்குச் சொல்லி வையுங்கள். எல்லாம் சரியானால் ரத்து செய்துகொள்ளலாம். இரண்டாவது, அந்தக் கேபிளின் மறுமுனையில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறையாவது மலையேறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.